ரோந்து வண்டி ஓடினால்தான் அது ரோந்து!

(சேலம் - நாமக்கல் பகுதி தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராத்திரி ரெண்டு மணி. சேலம் - நாமக்கல் நாலுவழிச் சாலையில ஒரு விபத்து. நீங்க 112-க்குப் போன் பண்றீங்க. அந்த நேரத்துல உங்களுக்கு எது வேணும்? பளபளன்னு இருக்கற பெரிய காரா, இல்ல, கூப்பிட்டதும் வந்து நிக்கற காரா? ரோந்து வாகனம் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இந்தக் கணக்கை நாமக்கல்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு லாரி உரிமையாளர் சேஸிஸ் வாங்கும்போது விலையை மட்டுமா பார்க்கிறார்? லிட்டருக்கு என்ன கொடுக்கும், ஒரு செட் டயர் எவ்வளவு ஓடும், நாக்பூர் பக்கம் நின்னுபோனா ஸ்பேர் கிடைக்குமான்னு அத்தனையும் கேட்டுட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார். அவர் காசு போட்டா இவ்வளவு கணக்கு. மக்கள் வரிப்பணத்துக்கு மட்டும் கணக்கு வேண்டாமா?

போட்டுப் பார்ப்போம். ஒரு ரோந்து கார் நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓடுதுன்னு வையுங்க. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு 15 லிட்டர் வேணும். 15 கொடுக்கிற வண்டிக்கு 10 லிட்டர் போதும். நாளைக்கு 5 லிட்டர் மிச்சம். வருஷத்துக்கு 1,825 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்னு வைத்தாலே 1,64,250 ரூபாய். அஞ்சு வருஷத்துல எட்டு லட்சத்துக்கு மேல. ஒரு சின்னக் காரின் விலையே அதில் அடங்கிவிடும்.

எரிபொருள் பணம் தீர்ந்தால் என்ன ஆகும்? ரோந்து குறையும். குறையும்போது முதல்ல விடுபடறது ஊருக்கு வெளியே இருக்கற இருட்டு ரோடுதான். அங்கேதான் நம்ம பிள்ளைங்க ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வர்றாங்க.

அதுக்காக, கிடைக்கறதிலேயே விலை குறைந்த காரை வாங்கச் சொல்லவில்லை. வேலைக்கு ஏத்த வண்டி வேணும். சேலம் செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை சந்துகளுக்குச் சின்ன வண்டியும் பைக்கும் போதும். நெடுஞ்சாலைக்கு நல்ல பிரேக்கும், ஸ்ட்ரெச்சரும் எச்சரிக்கைக் கூம்பும் வைக்க இடமும் வேணும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. அங்கே நீள வண்டியைத் திருப்பறது எவ்வளவு கஷ்டம்னு ஓட்டுற காவலரைக் கேளுங்க. எல்லாத்துக்கும் ஒரே மாடல்னு ஆர்டர் போட்டா, ஏதோ ஒரு இடத்துல வண்டி சும்மாதான் நிக்கும்.

இன்னொன்று. ரோந்து கார் ஓடுற நேரத்தைப் போலவே நிக்கிற நேரமும் அதிகம். விளக்கு, வயர்லெஸ், ஏ.சி. எல்லாம் ஓட, இன்ஜின் அணையாமல் நிக்கும். கம்பெனி விளம்பரத்துல வர்ற மைலேஜ் இங்கே செல்லாது. எட்டு மணி நேரம் அதுலேயே உட்கார்ந்திருக்கற காவலரின் இடுப்பு வலியையும் கணக்குல சேர்க்கணும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலக் காவல்துறை, ரோந்து கார்களை ஆண்டுதோறும் ஓட்டிப் பார்த்து, பிரேக், எரிபொருள், உட்காரும் வசதி என எல்லாவற்றையும் சோதித்து, முடிவைப் பொதுவில் வெளியிடுகிறது. நம்மால் முடியாதா? சோதிக்க ஏற்காடு மலைப்பாதை இருக்கு, நெடுஞ்சாலை இருக்கு, வண்டியைப் பார்த்ததும் நோய் சொல்லும் மெக்கானிக்குகள் ஊரெல்லாம் இருக்காங்க!

இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. கவச வாகனம் போன்ற சிறப்பு வாகனங்களுக்கு மட்டுமே விலக்கு. பழையது போகப் போகப் புதியது வாங்கித்தான் ஆகணும். அதைச் சரியா வாங்கணும்.

எனவே நம் கோரிக்கைகள்:

1. வாங்கும் விலையோடு, ஐந்தாண்டு எரிபொருள், டயர், பராமரிப்புச் செலவையும் டெண்டரில் மதிப்பிட வேண்டும்.

2. நகரம், நெடுஞ்சாலை, மலை என்று பணிக்கேற்ப வாகனம் பிரிக்க வேண்டும்.

3. வாங்கும் முன் காவல் ஓட்டுநர்களிடமும் பெண் காவலர்களிடமும் கருத்து கேட்க வேண்டும்.

4. மாவட்டவாரியாக எத்தனை ரோந்து வண்டி ஓடுகிறது, எத்தனை பட்டறையில் நிற்கிறது என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

காவலர்கள் மேல் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் கையில் ஓடுகிற வண்டியைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். உங்க ஊர்ல ராத்திரி ரோந்து வண்டி வருதா? எந்த ரோட்டுக்கு வர்றதில்லை? கீழே எழுதுங்க. அதையும் சேர்த்து மனுவாகக் கொடுப்போம்.