பழைய பைக்: மைலேஜ் மட்டும் போதுமா?

வேலைக்குப் போய்வரப் பழைய பைக் தேடுகிறவர் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதைத்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினமும் 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1000 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கும் 100 சிசி வண்டிக்கு ஏறக்குறைய 17 லிட்டர் பெட்ரோல் ஆகும். 50 கொடுக்கும் 150 சிசி வண்டிக்கு 20 லிட்டர். வித்தியாசம் சுமார் 300 ரூபாய். அதுவும் பணம்தானே என்பீர்கள். உண்மைதான், ஊருக்குள் தனியாக ஓட்டுகிறவருக்குச் சின்ன வண்டியே போதும். ஆனால் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போகிறவருக்கு, லாரியைத் தயங்காமல் தாண்டும் இழுவை வேண்டும். அதோடு, 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். அதற்குப் பின் வந்த 150 சிசி வண்டியில் கிடைக்கும், ஈரச் சாலையில் உயிர் காக்கும் அந்த வசதிக்கு மாதம் 300 ரூபாய் அதிகமே இல்லை.

பழைய வண்டியில் மைலேஜைத் தீர்மானிப்பது கம்பெனி சொன்ன கணக்கைவிட, வண்டியின் இன்றைய நிலைமைதான். காய்ந்த செயின், காற்று குறைந்த டயர், உரசும் பிரேக், அடைத்த ஏர் ஃபில்டர் எல்லாமே பெட்ரோலைக் குடிக்கும். இவற்றைச் சரிசெய்வது சுலபம். சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் கதை வேறு. எஞ்சின் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் வரை வேலை இருக்கலாம். ஆகவே இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினைக் காலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கடைசியாக, ஆர்.சி.யில் கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.