கடைமடையும் கெண்டைக்காலும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சிவில் படித்துவிட்டு பம்புகளோடு பிழைப்பு நடத்துகிறவன், கர்ப்பப்பை ஆபரேஷனைப் பற்றி ஏன் பேச வந்தான் என்று பின் வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் விஷயம் நீரோட்டம்தான். அதுவும் நம்ம ஊர் நீரோட்டம்.

புதாறு தஞ்சாவூரைத் தாண்டும்போது இருக்கிற வேகம் பேராவூரணிக் கடைமடையில் இருக்காது. ஓட்டம் மெதுவான இடத்தில்தான் வண்டல் படியும். ஷட்டரை ஒட்டிய மூலையில் முதலில் படியும். காலிலும் அதே கதை. இதயம் தள்ளுகிற ரத்தம் பாதம் வரை சுலபமாக இறங்கிவிடும். திரும்பி மேலே ஏறணுமே? அதற்கான பம்பு கெண்டைக்கால் சதை. நடக்கும்போது சதை இறுகி, உள்ளே ஓடும் சிரையைப் பிழிகிறது. சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் உண்டு. கடலோர வடிகால் வாயில் உப்புத் தண்ணீர் ஏறாமல் தடுக்கிற ஷட்டர் மாதிரி, ரத்தத்தைக் கீழே திரும்ப விடாது. அசையாமல் நிற்கிறவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். என் தொழில் கணக்கில் அது நாலடித் தண்ணீர். நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் உள்ள உயரமேதான்! கொஞ்சம் நடந்தால் 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இப்படி ஒரு பம்பை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை.

ஆபரேஷன் மேஜையில் இந்த பம்பு நின்றுவிடுகிறது. மயக்க மருந்தில் சதை தளர்ந்துபோகும். கர்ப்பப்பையை ஒட்டியே இடுப்புக்குள் பெரிய சிரைகள் ஓடுகின்றன. அவை அழுந்தலாம், காயப்படலாம். போதாததற்கு, வெட்டுப்பட்ட உடம்பு ரத்தப்போக்கை நிறுத்த, ரத்தத்தை உறையும் பக்குவத்துக்குக் கொண்டுவருகிறது. ஓட்டம் குறைவு, சுவரில் காயம், உறையும் துடிப்பு: ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோவின் பெயரால் டாக்டர்கள் படிக்கிற இந்த மூன்றும் ஒரே நாளில் ஒரே பெண்ணுக்கு வந்து சேருகின்றன. புற்றுநோய் ஆபரேஷன் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். சிரைக் கதவின் மூலையில் உண்டாகும் உறைகட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்தால் உயிர் போகச் சில நிமிஷம் போதும். "நல்லாத்தான் இருந்தா, பாத்ரூம் போனவ அப்படியே விழுந்துட்டா" என்று ஊரில் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்தால் கண்டம் தாண்டிவிட்டது என்று நினைக்கிறோம். பிரிட்டனில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நடுவயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009ல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. எல்லாவித ஆபரேஷன்களையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றாவது வாரத்தில்தான் ஆபத்து உச்சம். மூன்றாவது வாரம் நம் பெண்கள் எங்கே இருப்பார்கள்? ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியிலிருந்து காலைத் தொங்கவிட்டபடி பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்து, உள்ளறையில் பாயில் படுத்திருப்பார்கள். "அசையாதே, தையல் பிரிஞ்சிடும்." "தண்ணி குடிக்காதே, புண்ணு சீழ் வைக்கும்." அன்பில் சொல்வதுதான். வருஷம் பூரா வயலில் நின்றவளுக்குப் படுக்கக் கிடைப்பதே அப்போதுதான், அதனால் யாரும் எழுப்பவும் மாட்டார்கள்.

என் அத்தைக்குப் பன்னிரண்டாம் நாள் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியது. சுளுக்கு என்று தைலம் போட்டு உருவ பக்கத்து வீட்டு ஆச்சி வந்துவிட்டார். நர்ஸாக இருக்கும் என் தங்கை, "உருவாதீங்க ஆச்சி, உள்ள கட்டி இருந்தா நகர்ந்துடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். டாப்ளர் ஸ்கேனில் தொடை வரை உறைகட்டி. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, அத்தை இப்போது நடவுக்குப் போகிறார். அந்தக் கால் மட்டும் சாயங்காலமானால் கனக்கிறதாம்.

தடுக்கும் வழி புதிதல்ல. லண்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி அறுவை நிபுணர் விஜய் கக்கர் முன்னின்று நடத்திய சோதனை 1975ல் வெளியானது. 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஹெப்பாரின் ஊசி. போடாதவர்களில் 16 பேர் நுரையீரல் அடைப்பில் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேர். அப்படியும் 32 நாடுகளில் எடுத்து 2008ல் வெளியான கணக்கில், ஆபத்து வரம்பில் இருந்த இந்திய நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூட முறையான தடுப்பு கிடைக்கவில்லை. "நம்ம ஜனங்களுக்கு இது வராது" என்ற எண்ணம் மருத்துவர்கள் சிலரிடமே இருந்தது. ஊசி ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். ஆகவே யாருக்குப் போடுவது என்பது டாக்டர் முடிவு. ஊசி ஆகாதவர்களுக்குக் காற்றுப் பை இருக்கிறது. காலில் சுற்றிவிட்டால் விட்டுவிட்டுக் காற்று நிரம்பிக் கெண்டைக்காலைப் பிழியும். அசல் பம்பு வேலை!

தம்பி தங்கைகளே, வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ ஆபரேஷன் என்றால் டிஸ்சார்ஜ் அன்று இதைக் கேளுங்கள்: "டாக்டர், ரத்தம் உறையாம இருக்க ஊசி வேணுமா, எத்தனை நாளைக்கு? எப்ப எழுந்து நடக்கலாம்? தண்ணி எவ்வளவு குடிக்கலாம்?" படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உருவாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், 108க்குப் போன் போடுங்கள்.