கிணற்றிலிருந்து பட்டறைக்கு

 

'வேளாண்மையிலிருந்து தொழிலுக்கு' என்று நாம் எழுதும்போது, ஒன்றைக் கைவிட்டு மாநிலம் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. தமிழ்நாட்டில், குறிப்பாகக் கொங்கு வட்டாரத்தில், நடந்தது வேறு. அங்கே தொழில் பிறந்ததே உழவனின் நெருக்கடியில்தான்.

காவிரிப் படுகைக்கு வாய்த்த ஆற்று நீர் கோவைப் பக்கத்து மேட்டுக்காடுகளுக்கு இல்லை. மழையும் குறைவு, பாறையை உடைத்துத்தான் கிணறு வெட்ட வேண்டும். மாடு கட்டிக் கவலை இறைப்பதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வந்து நீரைக் கொட்டும். பின்னடி வைத்து ஏறினால் மீண்டும் கிணற்றுக்குள் போகும். விடியுமுன் தொடங்கினாலும் நனைவது கொஞ்ச நிலம். அந்த நிலத்தில் பருத்தி போட்டார்கள். நெல்லைப் போல வீட்டில் கொட்டிவைத்துச் சாப்பிட முடியாத பயிர் அது. விற்றே ஆக வேண்டும். ஆகவே கொங்கு உழவன் தொடக்கத்திலேயே சந்தையையும் ஜின்னிங் ஆலையையும் அறிந்தவனானான்.

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கினார். 1932இல் பைக்காரா புனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியதும் மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரிபாகம் செய்து பழகிய பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் கிணற்றுப் பக்கம் திரும்பின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். கவலையில் மாடு இழுத்த நீரை மோட்டார் பம்ப்செட் இழுக்கத் தொடங்கியது. வாங்கியவர் உழவர், முதலீடு செய்தவர்களிலும் பலர் உழவர் குடும்பத்தார். பிற்காலத் திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளியானவர்களில் கணிசமானோர் காட்டு வேலையிலிருந்து வந்தவர்கள்தாம்.

அரசு வகுத்த வழி இன்னொன்று. 1958இல் கிண்டி தொழிற்பேட்டை, 1971இல் சிப்காட், 1990களில் ஃபோர்டு, ஹூண்டாய் என்று அது நீண்டது. சாலையும் மின்சாரமும் நிலமும் தந்து தொழிலை வரவழைத்த வழி இது. அதன் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வரவழைத்த தொழில் வெளியேறவும் கூடும். ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்தியதைப் பார்த்தோம்.

உழவிலிருந்தே தொழில் பிறக்கும் என்றால், நீர்வளமும் நெல்வளமும் இருந்த தஞ்சையில் ஏன் கோவையைப் போன்ற தொழில் திரட்சி உருவாகவில்லை? வாய்க்கால் பாசனத்துக்கு இயந்திரம் தேவைப்படவில்லை என்பது ஒரு காரணம். நிலம் ஒருவரிடமும் உழைப்பு இன்னொருவரிடமும் இருந்தது மற்றொன்று என்று கருதுகிறேன். மறுப்பவர்கள் தரவுகளோடு வாருங்கள்.

கொங்கின் இந்த வளர்ச்சிக்கு விலையும் உண்டு. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. வேளாண்மையிலிருந்து பிறந்த தொழில் வேளாண்மையின் நீரையே கெடுத்த வழக்கு அது.

கடைசியாக ஒரு கணக்கு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பயிரிடுவோர் ஏறத்தாழ 51 லட்சம். 2011இல் 42 லட்சம். அதே காலத்தில் விவசாயக் கூலித் தொழிலாளர்கள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகப் பெருகினார்கள். கார்த் தொழிற்சாலைகளும் மென்பொருள் பூங்காக்களும் எழுந்த பத்தாண்டு அது. உற்பத்தி மதிப்பில் வேளாண்மையின் பங்கு குறைந்ததை வைத்து மாநிலம் மாறிவிட்டது என்கிறோம். நிலத்தை விட்டவர்களில் ஒரு பகுதியினர் ஆலைக்குப் போகாமல் அடுத்தவர் வயலுக்கே கூலிக்குப் போயிருக்கலாம் அல்லவா?

இரண்டு நாள் அமர்வுகளில் கட்டுரையாளர்கள் பங்கு விழுக்காட்டோடு நின்றுவிடாமல், எந்த வட்டாரத்தில் எந்த உழவர் வீட்டுப் பிள்ளை எந்த வேலைக்குப் போனார், என்ன கூலிக்குப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.