கிரேக்கமும் ரோமும் நமக்கு எதற்கு?



மறைந்த நம் தோழரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். அவருடைய படத்துக்கு மாலை போடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், படிப்பைப் பற்றி ஒரு கேள்வியைச் சேர்ந்து யோசிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறோம்.

நம் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போனால், “இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?” என்றுதான் முதலில் கேட்கிறோம். நியாயமான கேள்வி. ஆனால், “இதெல்லாம் உங்களுக்கு எதற்கு?” என்று மற்றவர்கள் கேட்கும்போது அதன் பொருள் வேறு. அந்த இரண்டாவது கேள்விக்கு அமெரிக்கக் கறுப்பின மக்கள் சொன்ன பதிலைப் பார்ப்போம். அவர்கள் போராடி நுழைந்த படிப்புகளில் ஒன்று பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகப் படிப்பு.

அடிமைமுறையை ஆதரித்த அரசியல்வாதி ஜான் கால்ஹூன், கிரேக்க இலக்கணம் தெரிந்த ஒரு கறுப்பரைக் காட்டினால் கறுப்பரும் மனிதர்தான் என்று நம்புவேன் எனச் சொன்னாராம். இளம் வயதில் இந்தப் பேச்சு தன் காதில் விழுந்ததை அலெக்சாண்டர் கிரம்மெல் என்ற கறுப்பின அறிஞர் பிற்காலத்தில் பதிவு செய்தார். அவர் இங்கிலாந்துக்குப் போய்க் கேம்பிரிட்ஜில் படித்து 1853இல் பட்டம் பெற்றார்.

வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ 1852இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். அடிமைக்கு எழுத்துச் சொல்லித்தருவது அங்கே குற்றம். மறைவாகத்தான் எழுத்துக் கற்றார். விடுதலைக்குப் பின் ஓபர்லின் கல்லூரியில் படித்து 1875இல் பட்டம் பெற்றார். 1881இல் கிரேக்க மொழிக்குத் தொடக்கப் பாடநூல் எழுதினார். பிறகு வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனார். கால்ஹூன் கேட்ட சாட்சி புத்தகமாகவே வந்துவிட்டது. ஆனாலும் அவமதிப்பு நிற்கவில்லை. தேர்வை வைப்பவர்களுக்கு நம் தேர்ச்சி ஒருநாளும் போதாது என்பதை நாமும் அறிவோம்.

இந்தக் கதை நமக்கு அந்நியமல்ல. பாபாசாகேப் அம்பேத்கருக்குப் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். கறுப்பின மக்களுக்குக் கைத்தொழில் கல்வியே முதலில் வேண்டும் என்ற வாதம் அமெரிக்காவில் ஓங்கியிருந்த காலத்தில், வில்பர்ஃபோர்ஸில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தார் டபிள்யூ.இ.பி. டூ பாய்ஸ். 1953இல் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த மண்ணில் நிற்கும் நமக்கு அந்த விவாதத்தின் சூடு புரியும்.

சரி, உள்ளே நுழைந்தவர்கள் அங்கே எதைப் பார்த்தார்கள்? ஜனநாயகத்தின் தாய் என்று புகழப்படும் ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கு இல்லை. லாரியன் சுரங்கங்களில் அடிமைகள் வெட்டிய வெள்ளியைக் கொண்டுதான் ஏதென்ஸ் தன் கடற்படையைக் கட்டியது. அடிமை என்பவன் உயிருள்ள உடைமை என்று எழுதினார் அரிஸ்டாட்டில். ரோமானிய அறிஞர் வர்ரோ, பண்ணைக் கருவிகளை மூன்றாகப் பிரித்தார்: வண்டி ஊமைக் கருவி, மாடு அரைக்குரல் கருவி, அடிமை பேசும் கருவி. பண்ணையாள் முறையைக் கண்ட நம் பாட்டன் பாட்டிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பேசும் கருவிகளில் ஒருவர்தான் எபிக்டெட்டஸ். அந்தப் பெயருக்கே ‘ஈட்டப்பட்டவர்’ என்று பொருள். விடுதலை பெற்றபின் அவர் தத்துவ ஆசிரியரானார். ஸ்பார்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகள் கி.மு. 71இல் தோற்றபோது, சிறைபிடிக்கப்பட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் சிலுவையில் அறைந்தார்கள். நாகரிகம் என்று பாடம் சொல்லும்போது இந்தச் சாலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வகுப்பறையில் நம்மவர் இருக்க வேண்டும்.

ரோமை நமக்காக வாசித்துக் காட்டியவரும் பாபாசாகேப்தான். 1936இல் மேடை மறுக்கப்பட்டு, அச்சில் மட்டுமே வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ உரையில் ரோமின் பிளெபியன் மக்களைப் பற்றிப் பேசுகிறார். போராடி, தங்களில் ஒருவரைக் கான்சல் பதவிக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார்கள். ஆனால் பதவியேற்பவரைத் தெய்வம் ஏற்க வேண்டும் என்ற நம்பிக்கை இருந்தது. தெய்வவாக்குச் சொல்லும் பூசாரிகளோ மேட்டுக்குடி பேட்ரீஷியர்கள். தம் மக்களுக்காக உறுதியாக நிற்பவர் வந்தால், தெய்வம் ஏற்கவில்லை என்று வாக்கு வந்துவிடும். சமூக, சமயத் தளைகளை உடைக்காத அரசியல் உரிமை எப்படிக் கையைவிட்டு நழுவும் என்பதற்கு அவர் காட்டிய சான்று இது. நம் தனித்தொகுதிகளில் யார் நிற்க முடிகிறது, யார் ஒதுக்கப்படுகிறார் என்று பார்க்கும்போதெல்லாம் இந்தப் பக்கத்தை நாம் திரும்பப் படிக்க வேண்டும்.

நுழைந்த இடமும் நிலையானதல்ல. வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் கறுப்பின மக்களின் கல்விக்காக 1867இல் தோன்றியது. பண்டைய உலகில் கறுப்பர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஆராய்ந்து 1970இல் நூல் எழுதிய ஃபிராங்க் ஸ்னோடன் அங்கேதான் கற்பித்தார். அங்கிருந்த கிரேக்க, ரோமானியப் படிப்புத் துறையை 2021இல் கலைக்க முடிவு செய்தார்கள். மாணவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்.

மாணவ நண்பர்களே, எல்லோரும் கிரேக்கம் படியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. எந்தத் துறையின் வாசலிலும் “இது நமக்கானதல்ல” என்று நீங்களாகத் திரும்பிவிடாதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம். உள்ளே போங்கள். அந்தச் சுரங்கத்தில் யார் வெட்டினார்கள், அந்தச் சாலையில் யார் தொங்கினார்கள் என்று கேளுங்கள். படித்ததை ஊருக்குக் கொண்டுவந்து சொல்லுங்கள். நம் தோழரின் நினைவுக்கு அதுவே நாம் செலுத்தும் அஞ்சலி.

ஜெய் பீம்.