ஒரு படம், இரு பிரதிகள்

சிறிய முதலீட்டில் வெளிவரும் ஒரு படத்தைப் பற்றி விமர்சகர்கள் இரு அணியாகப் பிரிந்து வாதாடுவது புதினமல்ல. ஆனால் ஒரு படத்தை முதன்முதலில் கொண்டாடிய விமர்சகரே அதன் கடும் எதிராளியாக மாறுவது அபூர்வம். அமெரிக்கரான ஜோன் கஸவெற்றிஸின் ‘ஷடோஸ்’ படத்துக்கு நேர்ந்தது அதுதான். ‘நிழல்கள்’ என்று நாம் சொல்லலாம்.

இதன் பிறப்பில் வானொலிக்கும் பங்குண்டு. இங்கிருந்து பேசிக்கொண்டு அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1957இல் நியூயோர்க்கில் ஜீன் ஷெப்பர்ட் நடத்திய இரவு நிகழ்ச்சியில் கஸவெற்றிஸ் கலந்துகொண்டார். சாதாரண மனிதரைப் பற்றிய படம் வேண்டுமானால் மக்களே ஓரிரு டொலர் அனுப்பட்டும் என்றார். உண்மையாகவே அனுப்பினார்கள், சுமார் 2,000 டொலர் சேர்ந்தது. முடிவில் படத்துக்கான செலவு ஏறத்தாழ 40,000 டொலர். ஹொலிவூட்டின் கணக்கில் அது சில்லறைக் காசு.

நியூயோர்க்கில் வாழும் கறுப்பின உடன்பிறப்புகள் மூவரின் கதை இது. மூத்தவன் ஹியூ கறுப்பு நிறம். தம்பி பென்னும் தங்கை லீலியாவும் பார்வைக்கு வெள்ளையர் போன்றவர்கள். லீலியாவை விரும்பும் வெள்ளை இளைஞன் டோனி, அவளுடைய அண்ணனைக் கண்டதும் தடுமாறிப்போகிறான். வசனம் விளக்க வேண்டியதை அவன் முகமே சொல்லிவிடுகிறது. நிறவெறி பற்றிய உபதேசப் படங்கள் பலவற்றைவிட அந்தச் சில கணங்கள் என்னை உறுத்தின.

1958இல் நள்ளிரவுக் காட்சிகளாக இலவசமாகக் காட்டப்பட்டபோது வந்தவர்களிற் பலருக்கு அது பிடிக்கவில்லை. கஸவெற்றிஸுக்கும் நிறைவில்லை. ஆனால் ‘விலேஜ் வொய்ஸ்’ பத்திரிகையில் பத்தி எழுதிய ஜோனாஸ் மேகாஸ் அதை ஒரு புதிய சினிமாவின் வருகையாகவே கண்டார். அவருடைய ‘ஃபில்ம் கல்ச்சர்’ சஞ்சிகை தனது முதலாவது சுயாதீனத் திரைப்பட விருதை 1959 ஜனவரியில் இப்படத்துக்கே வழங்கியது.

கஸவெற்றிஸ் அத்துடன் நிற்கவில்லை. நடிகர்களை மீண்டும் கூட்டிப் புதிய காட்சிகளை எடுத்தார். பழையவற்றில் ஏராளமானதை வெட்டினார். 1959 நவம்பர் 11இல் ‘சினிமா 16’ கழகத்தில் இரண்டாம் பிரதி திரையிடப்பட்டது. மேகாஸ் கொதித்துப்போனார். வியாபாரச் சினிமாவுக்குச் செய்த விட்டுக்கொடுப்பு, முதற்பிரதியின் உயிர் போய்விட்டது என்று எழுதினார். முதற்பிரதி கமராவின் வித்தைகளிலேயே மயங்கிக் கிடந்தது, மனிதர்கள் இரண்டாவதில்தான் வந்தார்கள் என்பது கஸவெற்றிஸின் பதில்.

மேகாஸை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். புறக்கணிக்கப்பட்ட ஒன்றைத் தனியே நின்று தாங்கிய மனிதர். ஆயினும், தான் கண்டெடுத்த படைப்பு தனக்கே சொந்தம் என்ற எண்ணம் எந்த விமர்சகருக்கும் மெல்லத் தொற்றிக்கொள்ளும். கரடுமுரடாக இருப்பதெல்லாம் உண்மை, திருத்தியதெல்லாம் சமரசம் என்ற வாய்பாட்டை நம்மூர்க் கவிதை விமர்சனத்திலும் நான் கேட்டிருக்கிறேன். கலைஞனுக்குத் திருத்தும் உரிமை இல்லையா?

இதில் இன்னொரு வேடிக்கை. பார்த்த படம் முன்னேற்பாடில்லாமல் நடிக்கப்பட்டது என்ற அறிவிப்போடுதான் இரண்டாம் பிரதி முடிகிறது. பாராட்டியவர்கள் அந்த இயல்பையே பாராட்டினார்கள். பல காட்சிகள் எழுதிவைத்து நடிக்கப்பட்டவை என்று பின்னாளில் ஆய்வாளர் றே கார்னி கூறினார்.

1960இல் வெனிஸ் விழாவில் இரண்டாம் பிரதிக்கு விமர்சகர் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு அமெரிக்கத் திரைகளுக்கு அது வந்ததும் பிரித்தானிய விநியோக நிறுவனமொன்றின் தயவில்தான்.

முதற்பிரதியோ காணாமற்போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அதைப் பாராத நாமெல்லாம் மேகாஸின் சொற்களைப் பிடித்துக்கொண்டே பக்கம் சேர்ந்திருந்தோம். அதைத் தேடிக் கண்டுபிடித்த கார்னி 2004 ஜனவரியில் றொட்டர்டாம் விழாவில் திரையிட்டார். 1989இலேயே காலமாகிவிட்ட கஸவெற்றிஸின் மனைவியும் நடிகையுமான ஜீனா றோலண்ட்ஸ் அதை எதிர்த்தார். கணவர் ஏற்றுக்கொண்ட வடிவமே படம் என்பது அவர் நிலைப்பாடு. எது கஸவெற்றிஸின் படம் என்பதில் நானும் றோலண்ட்ஸின் பக்கமே. ஆனால் மற்றப் பிரதியைப் பூட்டிவைத்தால், மேகாஸ் சொன்னது சரியா பிழையா என்று நேயர்களாகிய நீங்கள் எதைக்கொண்டு தீர்மானிப்பீர்கள்?