பயோடேட்டாவும் ஓர் அமானிதமே!

(போடிநாயக்கனூரில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் ஒரே பாயில் அமர்ந்திருக்கிறீர்கள். இந்த இருவருக்கும் நடுவே ஒரு காகிதம் கைமாறுகிறது. பயோடேட்டா என்கிறோம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

அந்தக் காகிதத்தில் என்னவெல்லாம் இருக்கிறது? பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, செல் நம்பர், மதம், சாதி. கூடவே பின் அடித்த மார்க் ஷீட் நகல், ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், இரண்டு போட்டோ. ஒரு குடும்பத்தின் ஜாதகமே அதில் இருக்கிறது! பெண் பார்க்க வருகிறவனிடம்கூட இவ்வளவு விவரம் கொடுக்க மாட்டோம். முன்பின் தெரியாத கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, "கூப்பிடுவாங்க" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

கூப்பிட்டார்களா? அந்தப் பெயரைப் படித்ததும் என்ன நடக்கிறது என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு அறிஞர்கள் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் இந்தச் சோதனையை நடத்தினார்கள். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். முடிவு 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வந்தது. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33! படிப்பைப் பார்க்கும் முன்பே பெயரைப் பார்த்து ஒதுக்கியிருக்கிறார்கள்.

பெரும்பாலான கம்பெனிகள் காரணம் சொல்வதில்லை. பதிலே வராது, அவ்வளவுதான். 2015 மே மாதம் மும்பையில் ஒரு வைர ஏற்றுமதி நிறுவனம் மட்டும் வாய்விட்டே சொன்னது. விண்ணப்பித்த எம்.பி.ஏ. பட்டதாரிக்குச் சில நிமிடங்களில் பதில் வந்தது: முஸ்லிம் அல்லாதவர்களை மட்டுமே எடுக்கிறோம் என்று. நாடு முழுக்கப் பேச்சானதும், பயிற்சியில் இருந்த ஓர் ஊழியரின் தவறு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. காவல்துறை வழக்குப் பதிந்தது. எழுத்தில் பதில் வந்ததால் வழக்காவது வந்தது. பதிலே வராமல் குப்பைக்குப் போன பயோடேட்டாக்களுக்கு யார் வழக்குப் போடுவது?

அரசு வேலையில் மதம், சாதி பார்த்து ஒதுக்கக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. தனியார் கம்பெனியை அந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. அப்படியானால் தகவல் பாதுகாப்புச் சட்டமாவது கைகொடுக்குமா? 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு ஒரு வரைவுச் சட்டம் தந்தது. மத நம்பிக்கை, சாதி ஆகியவற்றைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய நுட்பமான தகவல்கள் என்று அது தனியே வகைப்படுத்தியது. நல்ல காரியம். ஆனால் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே காணாமல் போய்விட்டது! செல் நம்பரும் மதமும் இப்போது ஒரே தட்டில். நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் மீண்டும் எழுப்ப வேண்டிய விஷயம் இது.

சகோதரர்களே! இதுவரை சொன்னதைக் கேட்டு ரத்தம் கொதிப்பது எளிது. இப்போது நம் கடைவீதிக்கு வாருங்கள்.

வேலைக்கு ஆள் கேட்டுக் கடை வாசலில் அட்டை தொங்கவிடுகிறோம். பத்துப் பேர் வருகிறார்கள். பத்துப் பேரிடமும் ஆதார் ஜெராக்ஸ் வாங்குகிறோம். ஒருவரை எடுக்கிறோம். மீதி ஒன்பது ஜெராக்ஸ் எங்கே? கல்லாப்பெட்டிக்கு அடியில், ஏலக்காய் சாக்கு அட்டிக்குப் பின்னால், கடைசியில் பழைய பேப்பர்காரரின் தராசில். அங்கிருந்து வடை மடிக்கும் தாளாகத் திரும்பி நம் கைக்கே வந்தாலும் ஆச்சரியமில்லை.

ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை கேட்டு நம் கிட்டங்கிகளுக்கு வருகிற பெண்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். போட்டோவும் செல் நம்பரும் ஒரே தாளில். அந்தத் தாளைக் கணக்குப்பிள்ளை பார்க்கிறார், லோடு ஏற்றுகிறவர் பார்க்கிறார், டீ கொண்டுவரும் பையன் பார்க்கிறான். இரவில் அந்தப் பிள்ளைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எங்கிருந்து கசிந்தது என்று அவள் யாரிடம் கேட்பாள்? வீட்டில் சொன்னால் வேலைக்கே போகாதே என்பார்கள். வாயை மூடிக்கொள்வாள்.

பொட்டிபுரம் போன்ற சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி மெட்டு தாண்டிப் போகும் ஏலத்தோட்டத் தொழிலாளியின் ஆதார் நகல் கங்காணி கையில், ஜீப்காரர் கையில், எஸ்டேட் ஆபீசில் என மூன்று இடங்களில் இருக்கும். அவருக்கு அது தெரியவே தெரியாது. கூலி வேலை பார்ப்பவர் பெயரில் கம்பெனி திறந்து கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் படிக்கிறோமே, அந்த ஆவணங்கள் எங்கிருந்து போயின? அடுத்தவர் ஆவணத்தில் எடுத்த போலி ஜி.எஸ்.டி. பதிவுகளைப் பிடிக்கவே 2023இல் மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுக்கத் தனி வேட்டை நடத்த வேண்டிவந்தது.

நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவில், தம்மைக் கொல்லத் துடித்த ஊராரின் பொருள்கள் அவர்களிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்கத்தான் அலீ (ரலி) அவர்களை ஊரிலேயே விட்டுச் சென்றார்கள். பகைவனின் பொருளுக்கே அந்தக் கவனம் என்றால், வேலை கேட்டு வந்த ஏழையின் காகிதம் நம் கையில் என்ன பாடுபடுகிறது!

வியாபாரிகள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தாளாக மட்டும் இருக்கும்வரை 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடாது. செல்லில் படமெடுத்து, "இந்தப் பையன் எப்படி?" என்று வாட்ஸ்அப்பில் பங்காளிக்கு அனுப்பினீர்களா? அந்த நொடியே அது டிஜிட்டல் தகவல். வேலை நிமித்தம் சில தகவல்களைத் தனிச் சம்மதம் இல்லாமல் பயன்படுத்த முதலாளிக்கு ஏழாம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் வேலைக்கு மனுப் போட்டு நிற்பவர் என்று ஒரு சொல் அதில் இல்லை. வாங்கிய நோக்கம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்கிறது எட்டாம் பிரிவு. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. பெரிய கம்பெனிகளை மனதில் வைத்துப் போட்ட தொகைதான். பெட்டிக்கடைக்காரர் பயந்து கடையைச் சாத்த வேண்டாம். விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை.

நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் சிங்கப்பூரில் அடையாள அட்டையின் நம்பரையோ நகலையோ சட்டத்தின் தேவை இல்லாமல் எந்த நிறுவனமும் வாங்கக்கூடாது என்று 2019 செப்டம்பர் 1 முதலே நடைமுறை இருக்கிறது. இங்கே உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில், ஆதார் வழக்கில், தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடம் தந்த 57ஆவது பிரிவின் பகுதியை ரத்து செய்தது. ஆனாலும் நம் ஊரில் துணிக்கடை வேலைக்கும் முதல் கேள்வி, "ஆதார் ஜெராக்ஸ் இருக்கா?"

இளைஞர்களே! மனுப் போடும்போது ஆதார் கொடுக்காதீர்கள். வேலை உறுதியாகி பி.எஃப். கணக்கு திறக்கும்போது ஆதார் தேவை, அப்போது கொடுங்கள். முன்கூட்டியே கட்டாயம் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை இணையத்தில் எடுத்துக் கொடுங்கள். நகலின் குறுக்கே "இன்ன கடையில் வேலைக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். பயோடேட்டாவில் மதம், சாதி என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். பெயரை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். கேட்காத விவரத்தை நாமே தட்டில் வைத்து நீட்ட வேண்டாம் என்கிறேன்.

கூட்டம் முடியும் தறுவாயில் ஒரு வியாபாரி எழுந்து கேட்டார்: "ஹஜ்ரத், வேலைக்கு வந்தவன் கல்லாவில் கை வைத்துவிட்டு ஓடிப்போனால்? ஜெராக்ஸ்தானே பிடி?" நியாயமான கேள்வி. வேலைக்கு எடுத்தவரின் முகவரி ஆதாரம் ஒரு நகல் இருக்கட்டும். அதைப் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். அவர் கணக்குத் தீர்த்து விலகும்போது, சம்பளம், பி.எஃப். பதிவுகளுக்குச் சட்டப்படி வேண்டியதைத் தவிர மற்றதைத் திருப்பிக் கொடுங்கள். எடுக்காத ஒன்பது பேரின் காகிதங்களை இந்த வாரமே எடுத்துக் கிழித்து எரித்துவிடுங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போட வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த பயோடேட்டாவை அழித்தால் போதாது. போனின் கேலரியில் ஒரு படம் தங்கியிருக்கும், கடைக் கம்ப்யூட்டரில் இன்னொன்று இருக்கும். பங்காளிக்கு அனுப்பியிருந்தால் அவரிடமும் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள்.