தேரும் தேர்தலும்

(அதியன்னூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் இருக்கும் நமக்குத் தேர்தல் தேதி பெரும்பாலும் இரண்டு. 2019-ல் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஏப்ரல் 18, இந்தப் பக்கம் 23. 2024-ல் அங்கே ஏப்ரல் 19, இங்கே 26. 2021-ல் இரண்டு மாநிலங்களும் ஏப்ரல் 6 அன்று சேர்ந்தே ஓட்டுப் போட்டன. இந்தத் தேதியை யார் குறிக்கிறார்கள், குறித்ததை மாற்றலாமா, மாற்றினால் ஏன் சண்டை வருகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். காரணம், அந்தச் சண்டையில் ஒரு முறை நம் அக்ரஹாரத்துத் தேரும் சம்பந்தப்பட்டிருந்தது.

ஷாஃபி பறம்பில் மக்களவைக்குச் சென்றதால் பாலக்காடு சட்டமன்றத் தொகுதி 2024 ஜூனில் காலியானது. இடைத்தேர்தல் நவம்பர் 13 என்று அக்டோபர் 15-ல் தேர்தல் கமிஷன் அறிவித்தது. அன்றுதான் கல்பாத்தி ரதோத்ஸவத்தின் முக்கியமான மூன்று நாட்களில் முதல் நாள். 'காசியில் பாதி கல்பாத்தி' என்று நாம் பெருமையோடு சொல்லும் ஊர். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும் நேரம். காங்கிரஸும் பா.ஜ.க.வும் தேதியை மாற்றக் கேட்டன. நவம்பர் 4 அன்று கமிஷன் தேதியை 20-க்குத் தள்ளிவைத்தது. கார்த்திகைப் பௌர்ணமி, குருநானக் ஜயந்தி ஆகியவற்றுக்காக உத்தரப்பிரதேசத்தில் 9, பஞ்சாபில் 4 தொகுதிகளுக்கும் அதே மாற்றம். ஆக மொத்தம் 14.

உடனே எதிர்ப்பு கிளம்பியது. தோல்வியைத் தள்ளிப்போடவே பா.ஜ.க. தேதியை மாற்ற வைத்தது என்றார் அகிலேஷ் யாதவ். அதற்குச் சில மாதங்கள் முன் ஹரியானாவில், பிஷ்னோய் சமூகத்தாரின் அமாவாசை விழாவுக்காக அக்டோபர் 1 தேர்தல் 5-ஆம் தேதிக்குப் போனபோது காங்கிரஸ் இதே குற்றச்சாட்டைச் சொன்னது. ஓரிடத்தில் மாற்றம் கேட்ட கட்சி இன்னோரிடத்தில் மாற்றத்தை எதிர்க்கிறது. முடிவுகளைப் பாருங்கள். உத்தரப்பிரதேசத்தில் 9-ல் 7 பா.ஜ.க. கூட்டணிக்கு, பஞ்சாபில் 4-ல் 3 ஆம் ஆத்மிக்கு, பாலக்காட்டில் காங்கிரஸ் 18,840 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. தேதி மாறியதால்தான் ஒரு கட்சி ஜெயித்தது என்று சொல்ல இதில் இடமில்லை.

ஆனாலும் எதிர்ப்பவர்களின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 30-வது பிரிவு தேதி குறிக்கும் அதிகாரத்தையும், 153-வது பிரிவு காலத்தை நீட்டிக்கும் அதிகாரத்தையும் கமிஷனுக்கே தருகிறது. வேட்புமனு எல்லாம் முடிந்து, ஓட்டுப்பதிவுக்கு ஒன்பதே நாள் இருக்கும்போது மாற்றினால் பிரசாரம் ஒரு வாரம் நீளுகிறது. பணபலம் உள்ளவருக்கு அது பாரமில்லை. சிறிய வேட்பாளருக்குப் பாரம். லீவு எடுத்து, ரயில் டிக்கெட் எடுத்து ஓட்டுப் போட வர நினைத்தவருக்கும் கஷ்டம்.

இன்னொன்றையும் நாம் மனசாட்சியோடு யோசிக்க வேண்டும். 2024 ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை நாள் என்பதால் மாற்றும்படி முஸ்லிம் லீகும் சமஸ்தாவும் கேட்டன. மாற்றவில்லை. 2019-ல் மதுரையில் சித்திரைத் தேரன்றே ஓட்டுப்பதிவு. அங்கும் தேதி மாறவில்லை, இரவு 8 மணி வரை நேரம் மட்டும் நீட்டினார்கள். ஆனால் 2022-ல் குரு ரவிதாஸ் ஜயந்திக்காகப் பஞ்சாபிலும், ஞாயிறு பிரார்த்தனையை முன்னிட்டு மணிப்பூரிலும் மாற்றினார்கள். ஒருவருக்குக் கிடைத்தது இன்னொருவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரு பொது விதி வேண்டாமா? நம் தேருக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்படும் நாம்தான் அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அப்போதுதான் நம் கோரிக்கைக்கும் மதிப்பு.

என் அபிப்பிராயம் இதுதான். கல்பாத்தித் தேர் நேற்று முளைத்த விழா அல்ல. பஞ்சாங்கம் வாங்கினால் அடுத்த வருஷத் தேதி தெரிந்துவிடும். அறிவிப்புக்கு முன்பே மாவட்டக் கலெக்டரிடம் எல்லா மதத்தாரின் பெரிய விழாக்களின் பட்டியலையும் கமிஷன் கேட்டு வாங்கட்டும். அறிவித்தபின் மாற்றுவதை அபூர்வமாக வைத்துக்கொள்ளட்டும். மாற்ற முடியாத இடத்தில் மதுரை போல நேரத்தைக் கூட்டட்டும். மாற்றினாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் சொல்லட்டும். நம் பங்குக்கு, அந்தந்த கிராமத்துக் கோவில் கமிட்டிகள் உத்ஸவத் தேதிகளை வருஷ ஆரம்பத்திலேயே கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கலாம். கடைசி நேரத்தில் கட்சிகளை நம்பி நிற்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. தேதியைத் தள்ளிவைத்தும் பாலக்காட்டில் 2021-ஐவிட வாக்குப்பதிவு குறைவாகவே இருந்தது. சென்னை, மும்பை, பெங்களூர் என்று பல ஊர்களில் இருந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உறுப்பினர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். நிரந்தரமாக வெளியூரில் இருந்தால் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். தேர் வடம் பிடிக்க எத்தனை மைல் வேண்டுமானாலும் வருகிறோம். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குப் போகச் சோம்பல் படலாமா?